இன்றே புறப்படுகிறவனும் நாளைப் போகிறவனும்: கதாபாத்திர நேசம் குறித்துச் சில குறிப்புகள்

மங்கலம்பேட்டையில் ஒரு தையற்கடை மாடியில் நாங்கள் சிலர் மாதத்துக்கு ஒருமுறை கூடி வாசித்துப் பேசுகிறோம். ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் இரண்டாம் பாகம் வந்த 2023 கோடையில் நடந்த கூட்டமொன்றில் ஒரு நண்பர் திடீரென்று கேட்டார்: “தத்துவமெல்லாம் கெடக்கட்டும். ஒவ்வொருத்தரும் ஒங்களுக்குப் புடிச்ச கதாபாத்திரம் யாரு, ஏன் புடிக்குதுன்னு சொல்லுங்க.” எனக்குக் கொஞ்சம் எரிச்சல். ஆசிரியன் இறந்துபோனதையே இப்போதுதான் ஜீரணித்திருக்கிறோம், இதில் கதாபாத்திரம் எங்கிருந்து வந்தது? பிரதிக்குள் இருப்பது சொற்கள்தானே, ஆட்களா என்ன? இப்படி நானும் நீண்ட காலம் எழுதிவந்தவன்தான். ஆனால் வந்திருந்த பதினோரு பேரில் ஏழு பேர் தயக்கமே இல்லாமல் வந்தியத்தேவன் என்றார்கள். மனதுக்குள் நானும் அதையே சொல்லிக்கொண்டேன். அந்த வெட்கத்திலிருந்து பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

‘பிடிக்கும்’ என்ற சொல்லைக் கோட்பாட்டாளர்கள் கீழாகப் பார்க்கிறோம். அது சாதாரண வாசகனின் சமாச்சாரம், ரசனைப் புலம்பல் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் கருத்தியல் மிகச் சுலபமாக உள்ளே நுழையும் வாசல் அதுதான். அல்தூசர் சொன்ன விளிப்பு போலீஸ்காரன் ‘ஏய்’ என்று அதட்டுவதில் மட்டும் இல்லை. ‘வாப்பா, குதிரையில ஏறிக்கோ’ என்று அன்பாகக் கூப்பிடும் கதைசொல்லியின் குரலிலும் இருக்கிறது. திரும்பிப் பார்க்கிறோம், ஏறிக்கொள்கிறோம்.

நான் ஏறிக்கொண்டது பதின்மூன்று வயதில். கல்கி 1950இலிருந்து 1954 வரை தன் வார இதழில் தொடராக எழுதியது அது. எனக்குக் கிடைத்ததோ யாரோ பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்திருந்த பைண்டிங். மணியத்தின் படங்களோடு. ஆடிப் பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான் ஒரு வாலிபன். அந்த ஏரி எனக்குத் தெரிந்த வீராணம் ஏரிதான் என்று தெரிந்தபோது ஏற்பட்ட கிறுகிறுப்பை இன்று விளக்க முடியவில்லை. விருத்தாசலம் போய், சேத்தியாத்தோப்பில் பஸ் மாறி, லால்பேட்டை வழியாகக் கரையோரமாகவே காட்டுமன்னார்கோயில் வரை போனேன், ஏரியைப் பார்ப்பதற்கென்றே. (பத்தாம் நூற்றாண்டில் பராந்தகன் காலத்தில் வெட்டிய ஏரி. 2004இலிருந்து அதன் தண்ணீர் குழாய்வழி சென்னைக்குப் போகிறது. அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.)

வந்தியத்தேவனை ஏன் இத்தனை பேருக்குப் பிடிக்கிறது? அழகன், வீரன், வாயாடி என்பதெல்லாம் சரி. அந்த நாவலில் அழகர்களுக்கும் வீரர்களுக்கும் பஞ்சமில்லையே. அருண்மொழியை மதிக்கிறோம், ஆதித்த கரிகாலனுக்காகப் பதறுகிறோம். கூடப் போவது என்னவோ வந்தியத்தேவனோடுதான். வொல்ஃப்காங் ஈசர் பிரதியிலுள்ள வெற்றிடங்களை வாசகன் நிரப்புகிறான் என்றார். வந்தியத்தேவன் வெற்றிடங்களால் ஆன ஆள். வரலாற்றில் அவனைப் பற்றிக் கிடைப்பது சொற்பம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று வருவது முக்கியமான செய்தி. மிச்சமெல்லாம் கல்கியின் இட்டுக்கட்டல். நாவலிலும் அவனுக்கு வீடு வாசல் இல்லை, நாடு போய்விட்டது. கையில் ஓலை, இடுப்பில் வாள், நாக்கில் பொய். அவனுக்கென்று பாரமே இல்லாததால் நம் பாரத்தை ஏற்றிக்கொள்ள வசதி. அவன் தவறு செய்கிறான், மாட்டிக்கொள்கிறான், தப்பிக்கிறான். அரண்மனைக்குள் நுழையும் பாக்கியம் இல்லாத வாசகன் அவன் தோளுக்குப் பின்னால் நின்று எல்லா அறைகளையும் எட்டிப்பார்த்துவிட முடிகிறது.

இதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. எல்லாக் கதவும் அவனுக்கு ஏன் திறக்கிறது? வாய் சாமர்த்தியத்தால் என்கிறது கதை. வாணர் குலம் என்பதால் என்றும் அதே கதை ஓரமாகச் சொல்லிவிடுகிறது. நிலத்தை இழந்தவன், குலத்தை இழக்கவில்லை. ஒன்றுமில்லாதவன் போலத் தெரிகிறவனிடம் முக்கியமான ஒன்று பத்திரமாக இருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டு போன எனக்கு அது உறைக்கவில்லை. உறைக்காமல் இருப்பதற்கு எனக்கும் ஒரு குலம் இருந்தது.

இன்னொன்றும் போகிறபோக்கில். காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆதித்த கரிகாலன் கொலைக்குக் காரணமானவர்கள் என்று சிலரின் பெயரும் அவர்கள் சொத்தைப் பறித்த ஆணையும் அதில் உள்ளன. அதில் வரும் ரவிதாசன் பிரமாதிராசன் பட்டம் பெற்ற பிராமண அதிகாரி. நாவலில் அவன் மந்திரவாதி ஆகி, ஆந்தைபோல் கத்திக்கொண்டு காட்டில் திரிகிறான். நேசத்துக்குரியவனை மட்டுமல்ல, நேசிக்கக்கூடாதவனையும் கதைதான் செய்கிறது.

இதே காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில்தான் ஆதனூர் இருப்பதாகக் கருதப்படுகிறது, நந்தனின் ஆதனூர். தமிழ்நாடு மிக அதிகமாகக் கண்ணீர்விட்ட கதாபாத்திரம் எதுவென்று கேட்டால் நந்தனைத்தான் சொல்வேன். ஒருவன் குதிரையில் தஞ்சாவூருக்கு இன்றே கிளம்புகிறான். இன்னொருவன் கொஞ்ச தூரத்தில் இருக்கும் சிதம்பரத்துக்கு நடந்து போக ‘நாளைப் போவேன், நாளைப் போவேன்’ என்று சொல்லிச் சொல்லி, அதுவே அவன் பெயராகிவிடுகிறது. ஒரே வயல்வெளி, ஒரே ஏரித் தண்ணீர். இரண்டு பேரையும் நேசிக்கிறோம் என்கிறோம். ஒரே நேசம்தானா?

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் நாற்பதுக்கும் குறைவான பாடல்களில் முடித்த கதை. அதில் கொடுமைக்காரப் பண்ணையார் கிடையாது. தன் பிறப்பை நினைத்துத் தானே தயங்கி நிற்கும் ஒருவன், கனவில் இறைவன் கட்டளை, தீ, தீயிலிருந்து பூணூலோடு எழும் முனிவர். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார்தான் வேதியர் என்ற நில உடைமையாளரைக் கொண்டுவந்து, உத்தரவு கேட்டு நிற்கும் பண்ணையாளாக நந்தனை மாற்றினார். புராணத்தில் இல்லாததைச் சேர்த்தார் என்று புலவர்கள் முகஞ்சுளித்தார்கள். ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. காரணம் எளிது. அடியார் என்ற வார்ப்புக்குள் இருந்தவன், விடுப்பு கேட்டுக் கெஞ்சும் கூலியாளாக இறங்கிவந்தான். மேலே இருப்பவனிடம் கைகட்டி நிற்காத ஆள் யார்? கே.பி. சுந்தராம்பாள் 1935இல் நந்தனாராக நடித்தார், அதற்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்பது அந்தக் காலத்தில் பெரும் பேச்சு. 1942இல் தண்டபாணி தேசிகர். அழுகைக்குக் குறைவேயில்லை. அழுதவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் வீட்டுப் பண்ணையாள் கொல்லைப்புறமாகத்தான் வந்தான்.

நந்தன் மீதான நேசத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. அவன் எரியவேண்டும். எரிந்து, அவனாக இல்லாமல் வெளியே வரவேண்டும். அப்போதுதான் நம் கண்ணீர் முழுமை பெறுகிறது.

இதை எனக்கு எந்தக் கோட்பாட்டுப் புத்தகமும் கற்றுத் தரவில்லை. நான் படித்த பள்ளியில் ஆண்டுவிழாவுக்கு நந்தன் நாடகம் போட்டார்கள். காலனியிலிருந்து வந்த என் வகுப்புப் பையன்தான் நந்தன், நல்ல குரல். நான் தில்லைவாழ் அந்தணர்களில் ஒருவன், எனக்கு ஒரே வசனம். சிவப்பு ஜிகினாத் தாளை டேபிள் ஃபேன் முன்னால் கட்டித் தீ மூட்டியிருந்தோம். ஒத்திகையில் தீயருகே வந்தவன் நின்றுவிட்டான்.

“உள்ள போயி என்னவாடா வருவேன்?”

“முனிவரா வருவ. பூணூலெல்லாம் போட்டுக்கிட்டு.”

“அப்ப நான் எங்கடா?”

நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. வாத்தியார் எவ்வளவோ சொல்லியும் ஜிகினாத் தாளைத் தாண்ட மாட்டேன் என்றுவிட்டான். கடைசியில் வேறொரு பையன் நந்தனாகி உருக்கமாகப் பாடித் தீயில் இறங்கினான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்க ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த மாறிய நந்தன் எங்கள் தெருப் பையன்.

நந்தனை வேறுவிதமாக நேசித்தவர்களும் உண்டு. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை ஏற்படுத்தி, அந்தப் பெயரில் பள்ளிக்கூடம் நடத்தினார். தீக்குள் போய் மறைந்தவனின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகள் வருகைப் பதிவேட்டில் ‘உள்ளேன் ஐயா’ என்றார்கள். ஒரு கதாபாத்திரத்துக்கு வாசகன் செய்யக்கூடிய இதைவிடப் பெரிய மறுவாசிப்பு எனக்குத் தெரியாது. திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ என்று ஒரு கதை எழுதினார். அதில் தீ இல்லை, ரயில் இருக்கிறது. காந்தி வரும் வண்டியின் முன்னால் கிழவனும், சுயமரியாதைக்காரனான அவன் மகனும், காந்தியவாதியான பிராமணப் பையனும் செத்துப்போகிறார்கள். யாரும் முனிவராக எழுந்து வரவில்லை. அழுவதற்கு இடம் தராத கதை என்பதால்தானோ என்னவோ, அந்தக் கதையை மெச்சுகிறவர்கள் உண்டு, கிழவனை நேசிக்கிறவர்களை நான் பார்த்ததில்லை.

நேசம் சண்டையாகவும் வரும். கடலூர்க்காரரான ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வந்தபோது வாசகர்கள் கொதித்தார்கள். கெடுக்கப்பட்ட பெண்ணின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லிவிடுகிறாள். தலைப்பில் தீ, கதைக்குள் தண்ணீர். நந்தனின் தீக்கு அழுதவர்களுக்கு ஒரு குடம் தண்ணீர் பொறுக்கவில்லை. அந்தத் தாய் அப்படிச் சொல்லாமலிருந்தால் என்னவாகும் என்று ஜெயகாந்தனே நீட்டி எழுதியதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அங்கே அவள் கங்கா. அதன்பிறகுதான் அவளை எல்லோருக்கும் பிடித்தது, அவள் துன்பப்பட ஆரம்பித்த பிறகு.

ப்ரெக்டுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. போரில் வண்டி இழுத்து வியாபாரம் செய்து, அந்தப் போருக்கே பிள்ளைகளைப் பறிகொடுக்கும் தாய் கரேஜைப் பார்த்து 1941இல் சூரிச் நகரத்துக்காரர்கள் உருகிவிட்டார்கள். அவள் வியாபாரி, அதைப் பாருங்கள் என்று சொல்வதற்காக ப்ரெக்ட் சில காட்சிகளைத் திருத்தினார். 1949இல் பெர்லினில் போட்டபோதும் ஜனங்கள் அழத்தான் செய்தார்கள். அழுகிறவனைத் தடுக்க எந்த உத்தியாலும் முடியாது போலிருக்கிறது. யாருக்காக, எந்த இடத்தில் அழுகிறான் என்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

கூட்டத்துக்குத் திரும்புகிறேன். ஏழு வந்தியத்தேவன்கள், ஒரு குந்தவை, ஒரு ஹென்றி (‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’), நான் ஒப்புக்கு ஏதோ ஒரு ரஷ்யப் பெயர். மிச்சமிருந்தவர் டியூஷன் எடுக்கும் ஒரு பெண். எங்கள் பக்கத்து எழுத்தாளர் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ அவர் கையில் இருந்தது. 1994இல் வந்த நாவல். தலித்துகளுக்குத் துணி வெளுக்கும், அவர்களிடம் ஊர்ச்சோறு எடுத்து வாழும் புதிரை வண்ணார் குடும்பத்து ஆரோக்கியத்தின் கதை. ஒடுக்கப்பட்டவர்களுக்குள் ஒடுக்குமுறையைக் காட்டிவிட்டார் என்று அப்போது பெரிய வாக்குவாதம் நடந்தது. அந்த வாக்குவாதத்தில் ஆரோக்கியம் எவ்வளவு பேசப்பட்டாள் என்பது வேறு விஷயம்.

“ஆரோக்கியத்த எனக்குப் புடிக்கும்னு சொல்ல முடியாது சார்,” என்றார் அவர். “எங்க ஆயாவும் வீடு வீடா சோறு எடுத்தவங்கதான். இந்தப் புத்தகத்தப் படிச்சா கோவந்தான் வருது. ஏன் இப்பிடிப் பணிஞ்சு பணிஞ்சு போறான்னு. வந்தியத்தேவன் மாதிரி அவகூட எங்கயும் போக முடியாது, அவ எங்கயும் போவ மாட்டா. மகளக் கெடுத்தப்பகூட அந்த ஊர்லதான் இருக்கா. ஆனா புடிச்சிருக்கா புடிக்கலயான்னு ஒங்களால கேக்க முடியுது. எங்க ஆயாவ எனக்குப் புடிச்சிருக்கான்னு யாராவது என்னக் கேப்பாங்களா?”

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றிப்போதல், அந்நியமாதல் என்று எங்களிடம் கையிருப்பில் இருந்த இரண்டு சொற்களும் அங்கே செல்லவில்லை. வந்தியத்தேவனைத் தேர்வு செய்யலாம், நந்தனுக்கு இரங்கலாம். இரண்டிலும் புத்தகத்தை மூடிய பிறகு நாம் பத்திரம். ஆரோக்கியத்தை வாசிக்கும் அந்தப் பெண்ணுக்கு அப்படிப் பத்திரமான இடம் இல்லை. அவர் அவளை நேசிக்கிறாரா என்றால், கோபப்படுகிறார், விடமாட்டேன் என்கிறார். சொந்தக்காரர்களிடம் இருப்பது போன்ற உறவு. பிரதிக்குள் இருப்பது சொற்கள்தான் என்று நான் எழுதியதெல்லாம் சரியாகவே இருக்கலாம். அதை அன்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பிரதி எங்கள் வட்டத்துக்குச் சொந்தம். அடுத்த மாதம் கொண்டுவருகிறேன் என்று எடுத்துப்போனவர் மூன்று கூட்டமாகியும் தரவில்லை. கேட்டதற்கு, படிக்கத் தெரியாத தன் ஆயாவுக்கு ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக்காட்டுவதாகச் சொன்னார். வேகமாகப் போகவில்லையாம். வெள்ளாவி வைக்கிற இடம் வந்தால் ஆயா நிறுத்தச் சொல்லி, “எங்க துறையில இப்பிடி வெக்க மாட்டோம், எழுதிக்கோ,” என்கிறாராம். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாராம். வட்டத்தின் புத்தகமாயிற்றே, பரவாயில்லையா என்று கேட்டார்.