தண்ணீரை உண்ணவும் கொடுக்கலாம்

டிமென்சியா எனப்படும் மறதி நோய் உள்ளவர்களின் உடலில் நீர் எளிதில் குறைந்துவிடும். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குகிறது. மறதி நோயில் தண்ணீர் குடித்தோமா என்பது நினைவில் நிற்பதில்லை. எதிரே இருக்கும் குவளை எதற்கென்று விளங்குவதில்லை. கேட்கச் சொல்லும் வருவதில்லை. சிறுநீர் கடும் மஞ்சளாதல், மலச்சிக்கல், மிகுந்த தூக்கம், திடீர்க் குழப்பம் ஆகியவை நீர்க் குறைவின் அறிகுறிகள். அந்தக் குழப்பத்தை நோய் முற்றியதாக வீட்டார் எண்ணிவிடுவதும் உண்டு.

முதிய பெண்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 1.6 லீற்றர், ஆண்களுக்கு 2 லீற்றர் பானம் தேவை என்கிறது ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டி ஒன்று. குடிக்க மறுப்பவருக்கு அதில் ஒரு பங்கை உணவாகக் கொடுக்கலாம். பிரித்தானியாவில் லூயிஸ் ஹோர்ன்பி தம் பாட்டிக்காக உருவாக்கிய ‘ஜெலி டிராப்ஸ்’ மிட்டாயில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர்தான்.

புத்தளம், கற்பிட்டி வீடுகளில் நோன்பு துறக்கும் வேளையில் வைக்கப்படும் கடற்பாசி என்னும் ஜெலியும் அதே வகை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் ‘சிலோன் மொஸ்’ என அறிந்த பாசி, புத்தளம் களப்பில் விளைந்ததுதான். காய்ச்சி உறையவிட்ட கடற்பாசி வாயின் சூட்டில் உருகாது. ஐஸ்கிரீமோ உருகி, விழுங்கச் சிரமப்படுவோருக்குப் புரையேறக்கூடிய நீராகிவிடும். ஆனால் கடற்பாசியின் இறுகிய துண்டு தொண்டையை அடைக்கலாம். பாசியைக் குறைத்து, கரண்டியால் மசியும் பதத்தில் செய்வது நல்லது.

வத்தகைப்பழத்தில் 90 சதவீதத்துக்கு மேலும், பப்பாசியில் ஏறத்தாழ 88 சதவீதமும் நீர் உண்டு. விதை நீக்கி, கையால் எடுக்கும் அளவில் நறுக்கினால் கரண்டி பிடிக்க மறந்தவரும் உண்பார். நோன்புக் கஞ்சி, தயிர், சொதியில் நன்றாக ஊறிய இடியப்பம் ஆகியவையும் பொருந்தும். நுங்கு வழுக்கும் என்பதால் மசித்தே கொடுக்க வேண்டும். செவ்விளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரக நோயுள்ளவருக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. இதய நோயாளர் நாளொன்றுக்கு எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதையும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

நிமிர்ந்து உட்கார வைத்து, உணவின் நிறம் எடுப்பாகத் தெரியும் தட்டில், சிறிது சிறிதாகப் பலமுறை கொடுப்பது முறை. உண்ணும்போது இருமலோ, குரலில் நீர் தேங்கிய கரகரப்போ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். உணவு மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரலாம். எந்தப் பதம் பாதுகாப்பானது என்பதை மருத்துவமனையின் பேச்சு சிகிச்சையாளர் விழுங்கும் திறனைச் சோதித்துச் சொல்வார்.