உதவிக்கு ஆளில்லாத வேளையில் வீட்டு வேலை

வளவுக்குத் திரும்பி வந்ததும் முதலில் கண்ணில் படுவது எது இல்லை என்பதுதான். சுவர் நிற்கும், கூரை இருக்காது. அலவாங்கு கிடக்கும், வாள் கிடைக்காது. மேசனும் தச்சரும் தங்கள் வீடுகளைத் திருத்திக்கொண்டிருப்பார்கள், அல்லது அவர்கள் கேட்கும் கூலி உங்களுக்குக் கட்டாது. ஆகவே பல வேலைகளை நீங்கள் தனியாகவே தொடங்க வேண்டியிருக்கும்.

குடாநாட்டு மக்களுக்கு இது புதிதல்ல. 1990 இல் மின்சாரம் நின்று, பொருளாதாரத் தடையும் வந்தபோது, ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்ச மண்ணெண்ணெயில் விளக்கெரித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். இளையவர்களுக்கு இது கதை, பெரியவர்களுக்குக் கைப்பழக்கம். அந்தப் பழக்கத்தை இப்போது வீட்டு வேலைக்குத் திருப்பலாம். (கிடுகுக் கொட்டிலுக்குள் ஜாம் போத்தல் விளக்கு மட்டும் வேண்டாம்.)

தொடங்குமுன் ஒன்று. வளவில் கிடக்கும், இன்னதென்று தெரியாத இரும்பு எதையும் கருவியாக்க வேண்டாம். அதில் ஆணி தட்டுவதோ, அதை அடுப்புக்கல்லாக வைப்பதோ, அதன்மேல் குப்பை எரிப்பதோ கூடாது. தொடாமல், வந்த வழியே திரும்பிப் போய், கிராம அலுவலரிடமோ பொலிஸிடமோ சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் அந்த இடத்தைச் சொல்லி வையுங்கள்.

தனியாக வேலை செய்பவருக்குக் குறைவது மறுமுனையைப் பிடிக்கும் கை. பழைய சைக்கிள் ரியூப்பை ஓரங்குல அகலத்தில் நீளமாக வெட்டினால் அந்தக் கை கிடைக்கும். ஒட்ட வேண்டிய இரண்டு பலகைகளையும் சேர்த்து, ரியூப்பை நன்றாக இழுத்து இழுத்துச் சுற்றி, நுனியைக் கடைசிச் சுற்றுக்குள் செருகி விடுங்கள். பசை காயும் வரை அசையாது. உடைந்த இரும்புவாள் அலகுக்குக் கைபிடியாகவும் இதையே சுற்றலாம்.

மட்டம் பார்க்க வழக்கமாக இரண்டு பேர் வேண்டும், குழாயின் ஒவ்வொரு முனையிலும் ஒருவர். ஒருவராகச் செய்ய ஒரு வாளி போதும். வாளியில் தண்ணீர் நிரப்பி, உங்களுக்கு வேண்டிய உயரத்தில் மேசையிலோ கல்லடுக்கிலோ அசையாமல் வையுங்கள். கண்ணாடிபோல் தெரியும் குழாயின் ஒரு முனையைக் கல் கட்டி வாளிக்குள் அமிழ்த்துங்கள். மறுமுனையைத் தாழ்த்தி வாயால் உறிஞ்சி, தண்ணீர் வந்ததும் பெருவிரலால் அடைத்துக்கொண்டு சுவரருகே போங்கள். முனையை உயர்த்திப் பிடித்து விரலை எடுத்தால், வாளித் தண்ணீரின் மட்டத்திலேயே குழாய்த் தண்ணீரும் நிற்கும். அங்கே கரியால் கீறுங்கள். வாளி அகலமானதால் அதன் மட்டம் அநேகமாக மாறாது, அங்கே இன்னொருவர் நின்று பார்க்கத் தேவையில்லை. குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் மட்டும் கணக்குப் பிழைக்கும்.

மூலை சரிபார்க்க, கயிற்றில் 12 சம பங்குகளுக்கு முடிச்சிட்டு, நுனிகளைச் சேர்த்து வளையமாகக் கட்டுங்கள். மூன்று முளைகளில் 3, 4, 5 பங்குகளாக இழுத்து மாட்டினால், 3 பங்கும் 4 பங்கும் சந்திக்குமிடம் சரியான மூலை. தூக்குக்குண்டுக்கு நூலில் கட்டிய ஒரு நட்டே போதும்.

வளைந்த ஆணிகளை எறியாதீர்கள். வளைவு மேலே இருக்கும்படி கல்லில் வைத்து, உருட்டி உருட்டி மெதுவாகத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் புது வளைவுதான் வரும். வைரம் பாய்ந்த பனஞ்சலாகையில் நேராக்கிய ஆணி மட்டுமல்ல, புது ஆணியும் மடங்கும். முதலில் ஆணியிலும் சற்று மெல்லிய துளை போடுங்கள். துறப்பண அலகு இல்லையென்றால், தலையை வெட்டி நுனியைத் தட்டையாக்கிய ஆணியே அலகாகும். பிறகு ஆணிக்குச் சவர்க்காரம் பூசி இறக்குங்கள்.

வளைமரத்தை ஒரே மூச்சில் தூக்க வேண்டாம். உயரம் வேறான கவர்த்தடிகளை நன்றாக நாட்டி, ஒரு முனையை ஏற்றிக் கட்டி, பிறகு மறுமுனையை ஏற்றி, படிப்படியாக உயர்த்துங்கள். ஒரு முனையைக்கூட இடுப்பளவுக்குத் தூக்க முடியாத மரமானால், அயலவர் வரும் வரை அது நிலத்திலேயே கிடக்கட்டும். முகட்டில் ஏறும் வேலையையும் அன்றைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கிணறு இறைப்பது மட்டும் எந்தத் தந்திரத்தாலும் தனியாள் வேலையாகாது. தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. அதன் புகையிலுள்ள நச்சுவாயு கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. விளக்கை இறக்கிப் பார்த்தாலும் தெரியாது, விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். இயந்திரத்தை வெளியே, காற்று கிணற்றை விட்டு விலகி வீசும் பக்கத்தில் வையுங்கள். இறங்குபவரின் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே இருவர் பிடித்திருக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால், காப்பாற்றவென்று இன்னொருவர் இறங்காமல், கயிற்றால் இழுத்து எடுங்கள்.