பல் பட்ட இடம்

ஒரகடம் தொழிற்பேட்டையில் இரண்டாவது ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி அறைக்கு நடப்பவர்களுக்கு அந்தக் கடைசி அரை கிலோமீட்டர் நன்றாகத் தெரியும். டீக்கடை பூட்டியிருக்கும். குப்பைத்தொட்டிப் பக்கமிருந்து நாலைந்து நாய்கள் ஒன்றாக எழும். பயம் வரத்தான் செய்யும். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்கு நாம் பயப்படுவதில்லை.

குதறிச் சாவது அபூர்வம்

2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் வளர்ப்பு பிட்புல் கடித்து ஒருவர் இறந்தார். கொடுமையான சாவு அது. ஆனாலும் நாய் குதறிய காயத்தாலேயே உயிர் போவது மிக மிக அரிது. தமிழ்நாட்டில் 2024இல் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4.8 லட்சம், ரேபிஸால் இறந்தவர்கள் 43 பேர். சாலை விபத்துகளில் மட்டும் 2022இல் இங்கே 17,884 பேர் இறந்தார்கள். நாய் துரத்துகிறதென்று பைக்கை முறுக்கும் தம்பிகளே, கன்டெய்னர் லாரி ஓடும் சாலையில் அந்த வேகம்தான் பெரிய ஆபத்து. வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் நாய் விட்டுவிடும். நடந்து போகிறவர்கள் ஓட வேண்டாம்.

43 சின்ன எண்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை. நேரத்தோடு முறையாக ஊசி போட்டிருந்தால் ஏறக்குறைய அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள்.

சின்னக் கீறல்

குதறிய காயத்தோடு யாரும் வீட்டில் இருப்பதில்லை, ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவார்கள். கணுக்காலில் லேசாகப் பல் பட்டவர்தான் மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிறார். லீவு போட்டால் சம்பளம் போகும், அட்டெண்டன்ஸ் போனஸ் போகும். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் ரேபிஸ் கிருமி நரம்பைப் பிடித்து மெல்ல மூளைக்கு ஏறிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். தண்ணீரைக் கண்டு தொண்டை இழுக்கத் தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழியில்லை.

குழாயடியில் 15 நிமிடம்

பல் பட்டதும் முதல் மருந்து சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். பிறகு ஆரம்ப சுகாதார நிலையம், ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி என்று இன்னும் நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒழிந்து 20 ஆண்டு ஆகிறது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்ற தனி ஊசியும் போட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். அங்கே இல்லையென்றால் பெரிய அரசு மருத்துவமனைக்கு அன்றே போங்கள்.

28ஆம் நாள்

கடைசி ஊசி தவறுவதுதான் ஒரகடம் பகுதியின் தனிச் சிக்கல். தோலில் போடும் முறையில் முதல் நாள் ஊசிக்குப் பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் மீண்டும் போட வேண்டும். அதற்குள் ஷிப்ட் மாறும், கான்ட்ராக்ட் முடியும், ஒடிசாவுக்கோ பீகாருக்கோ ரயில் ஏறிவிடுவார்கள். சூப்பர்வைசர்களே, உங்கள் லைனில் ஒருவருக்கு நாய் கடித்திருந்தால் அந்த நாட்களில் ஒரு மணி நேரம் அவரை விடுங்கள். அவர் ஊருக்குக் கிளம்பினால், ஊசிச் சீட்டு பையில் இருக்கிறதா, மிச்சத்தை அங்கே போட்டுக்கொள்ளத் தெரியுமா என்று அவர் மொழியில் ஒருமுறை கேட்டு அனுப்புங்கள்.