உஷார்! சத்தம் பழகிவிட்டதா? காது போய்க்கொண்டிருக்கிறது!

கோவை ஃபவுண்டரிகளில் ஃபெட்லிங் வேலைக்குப் புதிதாக வரும் பையனிடம் பழைய ஆட்கள் சொல்வது: "ஒரு மாசம்தான் தம்பி கஷ்டம், அப்புறம் பழகிடும்." தயவுசெய்து அதை நம்பாதீர்கள். சத்தத்துக்குக் காது பழகுவதே இல்லை. உள்காதில் இருக்கும் மெல்லிய முடி செல்கள் அடிபட்டுச் சாகின்றன, அதனால்தான் சத்தம் குறைந்ததுபோல் தெரிகிறது. செத்த செல் மறுபடி முளைக்காது. மருந்தும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது.

வார்ப்பில் ஒட்டிய மணலையும் பிசிறையும் சிப்பிங் ஹேமராலும் கிரைண்டராலும் செதுக்கும் இந்த ஃபெட்லிங் இடத்தில் 100 டெசிபல் சர்வசாதாரணம். ஃபோர்ஜிங் ஷெட்டில் டிராப் ஹேமர் விழும் ஒவ்வொரு அடியும் அதைவிட மோசம். நம் நாட்டு விதி 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை விடுகிறது. என்னைக் கேட்டால் அதுவே அதிகம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் 85-க்கு மேல் கூடாது என்கிறது. அதன்பின் 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அந்தக் கணக்கில் 100 டெசிபலில் 15 நிமிஷம்தான் நிற்கலாம். நம் ஆட்கள் ஓ.டி.யும் சேர்த்து 12 மணி நேரம் நிற்கிறார்கள்!

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1886-லேயே கிளாஸ்கோ மருத்துவர் தாமஸ் பார், கொதிகலன் பட்டறைத் தொழிலாளர்கள் 100 பேரைச் சோதித்தார். காது ஒழுங்காகக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

முதலில் போவது கீச்சுக் குரல்கள். குழந்தை கூப்பிடுவது காதில் விழாது. பேச்சு கேட்கும், ஆனால் விளங்காது. ராத்திரி படுத்தால் காதுக்குள் 'ஙொய்ங்' என்று ரீங்காரம். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடம் ஆபத்தான இடம்.

பஞ்சு வைத்தால் போதும் என்பது ஏமாற்று. ஃபோம் இயர் பிளக்கை விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலே இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டும் பிரயோஜனமில்லை. காதில் சீழ் வடிந்தால் பிளக் வேண்டாம், இயர் மஃப் கேளுங்கள்.

முதலாளிகளே, பிளக்கைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் கடமை முடிந்ததா? ஹேமருக்கு அடியில் அதிர்வு தாங்கும் பேட் போடுங்கள், கிரைண்டிங்கைத் தனி அறைக்கு மாற்றுங்கள். காண்ட்ராக்ட் ஆளுக்கும் காது இருக்கிறது.

சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை இ.எஸ்.ஐ.யின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க ஆதாரம் வேண்டும், ஆகவே வருஷம் ஒருமுறை ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுங்கள். ஷிப்ட் முடிந்த கையோடு போகாதீர்கள், ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு போங்கள். ரிப்போர்ட்டில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருந்தால், நகலைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே வேறு செக்‌ஷன் கேளுங்கள்.