ஆற்று நண்டும் ஏழையின் சட்டியும்

மழை ஓய்ந்து தாமிரபரணியில் வெள்ளம் வடியும் நாட்களில், 1843-ல் கட்டப்பெற்ற சுலோசன முதலியார் பாலத்தின் மேல் நின்று கீழே நோக்குவோர், கரையோரக் கற்களின் சந்துகளில் கையை விட்டுத் துழாவும் சிறுவர்களையும் ஸ்திரீகளையும் காணலாம். ஒரு பழைய வாளியும், கோழிக்குடலைக் கட்டிய ஒரு நூலுமே அவர்களுடைய மூலதனம். அவர்கள் பிடிப்பது நண்டு. கூப்பிடு தூரத்தில் கொக்கிரகுளத்தில் ஜில்லா கலெக்டரின் கச்சேரி இருக்கிறது. நகரத்தின் கழிவுநீரை ஆற்றில் கொண்டுவந்து சேர்க்கும் ஓடைகளும் அங்கிருந்து வெகு தூரத்தில் இல்லை. அந்த வாளியில் விழும் நண்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர் யார் என்பதைக் குறித்து நேயர்களுக்குச் சில வார்த்தை கூற விரும்புகிறோம்.

நண்டு தின்பது இழிவென்று கருதுவோர் நம்மில் சிலர் உளர். அவர்களுக்கு நமது சமாதானம் சுருக்கமானது. ஐங்குறுநூற்றில் மருதத்தைப் பாடிய ஓரம்போகியார், ஒரு பத்துப் பாட்டு முழுவதையும் நண்டுக்கென்றே ஒதுக்கினார். அதற்குக் 'கள்வன் பத்து' என்று பெயர். அலவன், கள்வன், ஞெண்டு என்று அந்நாளில் நண்டுக்குப் பல பெயர்கள் வழங்கின. இரவில் வெளிவந்து வரப்பைத் துளைக்கும் பிராணிக்குக் கள்வன் என்பது பொருத்தமான பெயர்தான்! பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணி ஏறக்குறைய 128 கிலோமீட்டர் தூரமே ஓடுகிறது. அதற்குள் எட்டு அணைக்கட்டுகளின் வழியே சுமார் 86,000 ஏக்கர் நிலம் அதனால் பாசனம் பெறுகிறது. இவ்வளவு நஞ்சை உள்ள நாட்டில் நண்டு மலிந்திருப்பதும், அது குடியானவனுடைய சட்டியில் ஏறியதும் இயற்கையே. ஜலதோஷம் பிடித்தவனுக்கு மிளகும் சீரகமும் தட்டிப்போட்ட நண்டு ரசத்தைவிடச் சிறந்த மருந்தில்லை என்று சொல்லாத பாட்டி நம் ஜில்லாவில் இல்லை. ஆட்டிறைச்சி இன்று என்ன விலை விற்கிறது என்பதை நேயர்கள் அறிவார்கள். நண்டுக்கோ விலையில்லை, குனிந்து எடுப்பவர்க்கு அது சொந்தம். கூலிக்காரர் வீட்டுக் குழந்தைக்குக் காசில்லாமல் கிடைக்கும் மாமிசம் அது ஒன்றே.

வயலில் பிடித்த நண்டும் நகரத்து ஆற்றில் பிடித்த நண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆயினும் அவற்றை ஒன்றாகக் கொள்ளலாகாது. நண்டு என்ன தின்கிறது? அடியில் படிந்ததையெல்லாம் தின்கிறது. அழுகிய இலை, செத்த மீன், பாசி, புழு, சேறு எதையும் அது விலக்குவதில்லை. நீரில் பிராணவாயு குறைந்தால் மீன் செத்து மிதக்கும், நண்டு அப்படியன்று. செவுள்களில் ஈரத்தைத் தேக்கி வைத்துக்கொண்டு, கரையேறி, காற்றிலும் சிறிது நேரம் பிழைத்திருக்கும். ஆதலின் 'இங்கே நண்டு நிறைய இருக்கிறது, ஆகவே தண்ணீர் நல்லது' என்ற வாதம் செல்லாது.

நன்னீர் நண்டினிடத்தில் மற்றொரு விசேஷமும் உண்டு. புன்னைக்காயல் முகத்துவாரத்துக் களிநண்டு முட்டையிடக் கடலுக்குச் சென்றே தீரவேண்டும். ஆற்று நண்டு எங்கும் போவதில்லை. தாய் தன் வயிற்று மடிப்பின் கீழ் முட்டைகளைச் சுமந்து, குஞ்சுகள் முழு நண்டு வடிவத்தில் பொரிந்து வந்த பின்னும் சில காலம் அவற்றை அங்கேயே தாங்கி, பிறகு அதே கரையில் இறக்கி விடுகிறது. பிறந்த வளைக்கு அருகிலேயே தின்று வளர்ந்து மாள்கிறபடியால், அவ்விடத்து நீரில் என்னென்ன கலந்ததோ அதற்கெல்லாம் நண்டின் உடம்பு ஒரு கணக்குப் புஸ்தகமாகிறது. தென்னாப்பிரிக்காவில் கேப் பிரதேசத்து ஆறுகளில் விஞ்ஞானிகள் இக்காரணம் பற்றியே நண்டுகளைப் பிடித்து அறுத்து, அவற்றிலுள்ள உலோகங்களை அளந்து, ஆற்றின் நிலையை மதிப்பிட்டிருக்கிறார்கள்.

'நாங்கள் கொதிக்க வைத்தல்லவா தின்கிறோம்?' என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நன்றாகக் கொதித்த சட்டியில் கிருமிகள் மடியும். மணிப்பூரில் பச்சை நண்டு தின்னும் பழக்கத்தால் நுரையீரலில் ஒருவகைப் புழு குடிகொண்டு, இருமலில் ரத்தம் வந்து, க்ஷயரோகம் என்று தவறாக வைத்தியம் பெற்றோர் உண்டு. நம்மவர் நண்டை வேகவைத்தே உண்பதால் அத்தீங்கிலிருந்து தப்பினர். ஆனால் நகரக் கழிவுநீரில் மலஜலம் மட்டுமா இருக்கிறது? பட்டறை எண்ணெயும், பழைய பாட்டரியின் ஈயமும், முலாம் பூசும் தொழிலின் கழிவும் அதனோடு கலக்கக் கூடியவை. ஈயத்தையும் காட்மியத்தையும் எந்த அடுப்பும் எரித்துவிடாது. காட்மியம் நண்டின் சதையைக் காட்டிலும் அதன் ஈரலிலேயே மிகுதியாகச் சேருகிறது. ஓட்டைப் பிளந்ததும் மஞ்சளாகத் தோன்றுவதும், ருசி மிகுந்ததென்று குழந்தைக்கு முதலில் ஊட்டுவதும் அந்த ஈரலையே. ரசத்திற்கோ முழு நண்டையும் ஓட்டோடு இடித்துப் போடுகிறோம். உள்ளே இருப்பது அனைத்தும் கிண்ணத்திற்கு வந்துவிடுகிறது. மேனாட்டார் நண்டின் கால் சதைக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் காட்மியம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் வரம்பு கட்டியிருக்கிறார்கள். மஞ்சள் பாகம் அவ்வரம்புக்குள் வருவதே இல்லை.

நம் சட்டங்கள் என்ன சொல்லுகின்றன? 1974-ஆம் வருஷத்து நீர்ச் சட்டத்தால் பிறந்த மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நீர்நிலைகளை அவற்றின் உபயோகத்தைக் கொண்டு ஐந்து வகுப்புகளாகப் பிரித்துள்ளது. மனிதர் குளிக்கும் நீரில், 100 மில்லிலிட்டருக்குக் கோலிபார்ம் கிருமிகள் 500-க்கு மேற்படலாகாது. மீன் வாழும் நீருக்கு வாரியம் கேட்பவை மூன்றே: அமிலகாரநிலை 6.5 முதல் 8.5 வரை, கரைந்த பிராணவாயு லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமை, தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகாமை. கிருமியைப் பற்றி ஒரு சொல் இல்லை. உலோகத்தைப் பற்றியும் இல்லை. மீன் பிழைக்குமா என்று கேட்கிறார்களேயன்றி, அம்மீனைத் தின்றவன் பிழைப்பானா என்று கேட்பாரில்லை! உணவுச் சட்டமாவது காக்குமோ என்று பார்த்தால், 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, விவசாயியையும் மீனவனையும் அவர்களுடைய தொழில் அளவில் விலக்கி வைத்திருக்கிறது. சிறு தொழிலாளரை இன்ஸ்பெக்டர்களின் தொல்லையிலிருந்து காக்கும் நல்ல நோக்கம் அதில் உண்டென்பதை மறுக்கவில்லை. எனினும் பிடித்தவனே தின்னும் நண்டு, நீர்ச் சட்டத்திற்கும் உணவுச் சட்டத்திற்கும் நடுவே நழுவி விழுந்துவிடுகிறது.

தூத்துக்குடியை இதனோடு ஒப்பிடுக. அங்கே மன்னார் வளைகுடாவில் பிடித்த நீலநண்டின் சதையைப் பதப்படுத்தி, டப்பாவில் அடைத்து, அமெரிக்காவுக்குக் கப்பலேற்றுகிறார்கள். ஏற்றுமதிச் சரக்குக்குப் பரீக்ஷையுண்டு, ரசாயன சாலையுண்டு, குறை கண்டால் திருப்பியனுப்புவார் என்ற பயமுண்டு. பொருநையின் கடைவாயிலிருந்து புறப்படும் நண்டைப் பல ஆயிரம் மைல் கடந்து உண்பவனுக்காகச் சோதிக்கும் தேசம், அதே நதியின் கரையில் வாளியோடு நிற்கும் தன் குழந்தைக்காக ஒரு நண்டையேனும் சோதிக்க முற்படுவதில்லை. சுயராஜ்யம் வந்த பிறகும் பரதேசத்தாரின் வயிறே நமக்கு முதன்மையாயிருக்க வேண்டுமா?

மினமாட்டாவின் கதையை நேயர்கள் கேள்வியுற்றிருக்கலாம். ஜப்பானில் அவ்வளைகுடாக் கரையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை பல்லாண்டுகளாகப் பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது. மீனையும் சிப்பியையும் நம்பி வாழ்ந்த ஏழைச் செம்படவர் கை கால் நடுங்கி, கண் மங்கி, மாண்டனர். நோய் வெளிப்பட்டது 1956-ல். கழிவு நின்றது 1968-ல். தாமிரபரணியில் அத்தகைய ஆலை இருக்கிறதென்று நாம் கூறவில்லை. சாப்பாட்டைச் சோதிக்காமல் காத்திருந்தால் நோயாளிகளைக் கொண்டுதான் நீரைச் சோதிக்க நேரும் என்பதற்கே இதை எடுத்துக் காட்டினோம்.

'நண்டு பிடிக்கத் தடை' என்று ஒரு பலகையை நட்டுவிட்டு வேலை முடிந்ததென்று சிலர் நினைக்கக்கூடும். அதை நாம் முழுமூச்சாக எதிர்ப்போம். ஆற்றைக் கெடுத்தது ஏழையின் வாளியன்று. 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி 4.7 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் மாநகரின் கழிவு சுத்திகரிக்கப்படாமல் ஆற்றைச் சேருவதே வினையின் வேர். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இதன் பொருட்டு வழக்கு நடந்து, 2024-ல் நீதிபதிகளே ஆற்றை நேரில் வந்து பார்வையிடும்படி ஆயிற்று. பாதாளச் சாக்கடை வேலை முழுமையடைந்து ஒவ்வோர் ஓடையின் வாயும் அடைபடும் நாளே நண்டுக்கும் நல்ல நாள்.

அதுவரையில் மாநகராட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஒன்றுகூடி, மேலே பாபநாசம் முதற்கொண்டு குறுக்குத்துறை, வண்ணாரப்பேட்டை, சிந்துபூந்துறை வரையில் மாதம் ஒருமுறை டஜன் நண்டுகளைப் பிடித்து, சதை வேறாகவும் மஞ்சள் வேறாகவும் சோதிக்கட்டும். முடிவைப் படித்துறைகளில் சாதாரணத் தமிழில் பலகையில் எழுதி வைக்கட்டும். பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் அன்று. நண்டை ஆயும் வீட்டுப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை: கழிவு ஓடைக்குக் கீழ்ப்புறத்தில் பிடித்ததை வேண்டாமென்று விடுக, இயலாவிடில் மஞ்சளையும் செவுளையும் நீக்கி எறிந்துவிட்டு, மேலோடு இல்லாமல் சதையை மட்டும் வேகவைக்கவும், பச்சை நண்டு இடித்த உரலை வெந்நீர்விட்டுக் கழுவாமல் அதில் துவையல் அரைக்க வேண்டாம்.