எந்தக் கைக்கு வலது?

உத்திரமேரூர் என்றால் நமக்கு நினைவு வருவது குடவோலை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் ஊர்ச் சபையார் கல்லில் வெட்டி வைத்த விதிகளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஒப்பித்துவிடுவார்கள். அந்த ஊர்க் கல்வெட்டுகளில் இன்னொரு விசேஷமும் உண்டு. ஒரு வயலைச் சொல்ல வேண்டுமானால், இன்ன வாய்க்காலுக்கு வடக்கே, இத்தனையாவது கண்ணாறு என்று எழுதிவிடுவார்கள். எதிலிருந்து வடக்கு என்ற சந்தேகத்துக்கே இடமில்லை.

பிற்காலத்தில் இதே பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் இறைக்க வந்த ஆயில் எஞ்சின்களின் விளக்கப் புத்தகங்களை எழுதியவர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் எப்போதும் இருந்ததாகச் சொல்ல முடியாது!

இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் கம்பெனியார் செய்த ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்று உண்டு. நிமிடத்துக்கு 650 சுற்று. ஆறு குதிரை சக்தி. அதன் அச்சிலேயே ராஜ்கோட்டில் ஏராளமாகச் செய்தார்கள். "டுக், டுக்" என்று ஊரையே எழுப்பும் சத்தம். அதற்கு இரண்டு பக்கமும் பெரிய இரும்புச் சக்கரம். இப்போது "கடிகாரம் சுற்றுகிற திசையில் சுற்று" என்றால் என்ன செய்வது? இந்தச் சக்கரத்தின் எதிரில் நின்று பார்த்தால் கடிகாரத் திசை. அந்தப் பக்கம் போய் நின்றால் அதே சுழற்சி நேர் எதிர்த் திசை. எந்தப் பக்கம் நிற்பது என்று சொல்லாத வாக்கியம் பாதி வாக்கியம்தான்.

திருகாணி சமாசாரமும் இப்படியே. ஒரகடத்தில் ஷிப்ட் வேலைக்குப் போன பிள்ளை, நவரை நெல் காய்கிறதென்று தவிக்கிற தாயாருக்குச் செல்போனில் யோசனை சொல்வதாக வைத்துக் கொள்ளுங்கள். "வலது பக்கம் திருப்பும்மா" என்கிறான். ஸ்பானரின் பிடி மேலே நின்றால் கை வலது பக்கம் போகும். கீழே நின்றால் அதே முறுக்குக்குக் கை இடது பக்கம் அல்லவா போக வேண்டும்? "எந்த வலதுடா?" என்று அந்த அம்மாள் கேட்டால் தவறு அவள் பேரில் இல்லை.

இதெல்லாம் பரவாயில்லை. 'முன்னே', 'பின்னே' என்ற இரண்டு வார்த்தைகள் செய்கிற அமர்க்களம்தான் பெரிது. டீசல் எப்போது சிலிண்டருக்குள் பீச்ச வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. பிஸ்டன் உச்சிக்கு வந்து சேருவதற்குச் சற்று முன்பே பீச்ச வேண்டும். இதை 'முன்னால் கொண்டு வா' என்று எழுதிவிட்டால் என்ன அர்த்தம்? நம் தமிழில் "முன்னே போ" என்றால் இனிமேல் போக வேண்டிய வழி. "முன்னே ஒரு காலத்தில்" என்றால் கழிந்து போன காலம். பீச்சுவது காலத்தில் முந்த வேண்டுமானால், அந்த நிமிஷத்தில் சக்கரத்தில் உள்ள கோடு உச்சிக் குறிக்கு வந்து சேராமல் பின்தங்கி நிற்க வேண்டும். முன் என்பது பின்னாகிவிட்டது, பார்த்தீர்களா?

மேல், கீழ் என்பதாவது தெளிவோ என்றால் அதுவும் இல்லை. சில எஞ்சின்களில் டீசல் பம்புக்கு அடியில் உள்ள டாப்பெட் திருகை உயர்த்தினால் பீச்சுவது முந்தும். வேறு சிலவற்றில் பம்பின் அடியில் மெல்லிய தகடுகள் வைத்திருப்பார்கள். ஒரு தகட்டை எடுத்தால் பம்பு கீழே இறங்கும், அதனாலும் பீச்சுவது முந்தும். ஒன்றில் ஏற்றம், ஒன்றில் இறக்கம், பலன் ஒன்றே! கீழிருந்து தள்ளுவதும் மேலே உள்ள பம்பும் எப்படியோ நெருங்கினால் சரி. காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டால் யாரும் புரிந்துகொள்வார்கள். உத்தரவை மட்டும் சொன்னால், ஒரு எஞ்சினில் கற்றவர் அடுத்த எஞ்சினில் தலைகீழாகச் செய்துவிடுவார்.

செய்தால் என்ன ஆகும் என்கிறீர்களா? அளவு மீறி முந்திவிட்டால், ஹாண்டில் போட்டுச் சுற்றும்போது பிஸ்டன் உச்சியைத் தாண்டுவதற்குள் வெடித்து, சக்கரம் திடுமென்று எதிர்ப்பக்கம் திரும்பும். இரும்பு ஹாண்டில் மணிக்கட்டை முறித்துவிடும்.

கடலிலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. 1912-ல் டைட்டானிக் கப்பலின் எதிரில் பனிமலை தெரிந்ததும் அதிகாரி இட்ட உத்தரவு வலப்பக்கத்தைச் சொன்னது. கப்பலோ இடப்பக்கம் திரும்பியது. அதில் பிசகில்லை. பழைய நாளில் சுக்கான் கட்டையைத் தள்ளுகிற பக்கத்தைத்தான் உத்தரவில் சொல்வார்கள். கப்பல் அதற்கு எதிராகத் திரும்பும். 1930-களில் அந்த வழக்கத்தை மாற்றி, கப்பல் திரும்ப வேண்டிய பக்கத்தையே சொல்வதென்று ஏற்பாடாயிற்று.

நம் வீட்டுத் தையல் மெஷின் புத்தகத்தைப் பாருங்கள். சக்கரத்தை "உங்கள் பக்கமாகச் சுற்றுங்கள்" என்றிருக்கும். வலதுமில்லை, இடதுமில்லை, தைக்கிறவள் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்பது எழுதியவருக்குத் தெரியும். கோயிலில் பிரதட்சிணம் வருகிறோமே, அதுவும் அப்படித்தான். சந்நிதி வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்று சொன்னால் போதும், குழந்தைகூடத் தப்பாது.

கரெண்டு மோட்டாருக்கும் இந்தத் தொல்லை உண்டு. மூன்று பேஸ் கம்பிகளில் எவையேனும் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்புறம் சுழலும்; பம்பு சத்தம் போடுமே தவிரத் தண்ணீரைச் சரியாகத் தள்ளாது. அதற்காகத்தான் பம்பின் மேலேயே ஓர் அம்புக்குறியை வார்த்து வைக்கிறார்கள்.

பழைய எஞ்சினை இன்னும் வைத்திருக்கிற வீட்டில் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட் செலவழிக்கலாம். ஹாண்டில் போடும் பக்கத்துச் சக்கரத்தில் ஓர் அம்புக்குறி. உச்சிக்கு ஒரு கோடு. பீச்ச வேண்டிய இடத்துக்கு இன்னொரு கோடு. கோடுகளை மட்டும் எஞ்சின் தெரிந்த மெக்கானிக் கையாலேயே போடச் சொல்லுங்கள். பிறகு பிள்ளை போனில் கூப்பிட்டால், "அம்புப் பக்கமா, எதிர்ப்பக்கமா?" என்று கேட்டுக்கொள்ளலாம்.