ஆடும் காணொளியை நிலைநிறுத்துவது எப்படி?

தைப்பூசத்தன்று உங்கள் அண்ணன் காவடியோடு பத்துமலையின் 272 படிகளில் ஏறுகிறார். நீங்கள் கைப்பேசியில் படம்பிடித்தபடி பின்னால் ஏறுகிறீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் காணொளி முழுவதும் குலுங்குகிறது! மறுபடியும் எடுக்க வேண்டுமானால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும்.

கவலை வேண்டாம், மாணவர்களே. அடோபி பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் போன்ற தொகுப்பு மென்பொருள்களில் குலுக்கத்தைக் குறைக்கும் வசதி உண்டு. ஆனால், அதற்குப் படத்தின் ஓரங்களை விலையாகக் கொடுக்க வேண்டும். ஏன் என்று பார்ப்போமா?

குலுக்கத்தை அளப்பது

காணொளி என்பது வேகமாக ஓடும் படங்களின் வரிசை. கைப்பேசி பொதுவாக ஒரு நொடிக்கு 30 படங்களைப் பதிவு செய்கிறது. படிக்கட்டின் முனை, தூணின் மூலை போன்ற தெளிவான புள்ளிகளை மென்பொருள் முதலில் தேடுகிறது. அவை அடுத்த படத்தில் எவ்வளவு நகர்ந்துள்ளன என்று கணக்கிடுகிறது. பெரும்பாலான புள்ளிகள் ஒன்றாக இடப்பக்கம் நகர்ந்திருந்தால், கேமரா வலப்பக்கம் அசைந்திருக்கிறது என்று பொருள். வேறு திசையில் செல்லும் சில புள்ளிகளை, நடந்துபோகும் மனிதர்கள் எனக் கருதி ஒதுக்கிவிடுகிறது. கூட்டமே படத்தை நிறைத்துவிட்டால் இந்தக் கணக்கு தவறிப்போகலாம்.

சராசரி தரும் உதவி

நீங்கள் வேண்டுமென்றே கேமராவைத் திருப்பியதையும் கை நடுக்கத்தையும் எப்படிப் பிரிப்பது? கணிதப் பாடத்தில் படித்த சராசரி இங்கே கைகொடுக்கிறது. அடுத்தடுத்த ஐந்து படங்களில் கேமராவின் இடம் 2, 5, 3, 6, 4 என்று வைத்துக்கொள்வோம். இவற்றின் சராசரி 4. நடுப்படம் 3-இல் இருப்பதால், அதன் இடத்தை 1 அளவு திருத்த வேண்டும். எல்லாப் படங்களுக்கும் இப்படியே செய்தால் நடுக்கம் அடங்கி, மெதுவான அசைவு மட்டும் மிஞ்சும்.

ஓரங்கள் எங்கே போகின்றன?

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஐந்து மெல்லிய தாள்களில் ஒரே அளவு வட்டத்தைச் சற்றுத் தள்ளித் தள்ளி வரையுங்கள். வெளிச்சத்தில் பிடித்து, வட்டங்கள் பொருந்தும்படி அடுக்குங்கள். தாள்களின் ஓரங்கள் முன்னும் பின்னுமாக நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைச் சமமாக்க வெட்டித்தான் ஆக வேண்டும்.

மென்பொருளும் ஓரத்தை வெட்டி, எஞ்சியதைத் திரை அளவுக்குப் பெரிதாக்குகிறது. 1920 × 1080 பிக்சல் படத்தில் அகலமும் உயரமும் 10 விழுக்காடு குறைந்தால், 1728 × 972 பிக்சல்களே மிஞ்சும். அதாவது, பரப்பளவில் 19 விழுக்காடு போய்விடும். படியோரம் நின்று கும்பிட்ட பாட்டி அதில் மறைந்துபோகலாம்!

இன்னொரு குறையும் உண்டு. குகைக்குள் வெளிச்சம் குறைவு. அதனால் கேமரா ஒவ்வொரு படத்தையும் பதிவு செய்யக் கூடுதல் நேரம் எடுக்கிறது. அந்த நேரத்தில் கை அசைந்தால் படமே கலங்கிவிடும். படத்தை நகர்த்துவதால் இந்தக் கலங்கல் நீங்காது.

எடுக்கும்போதே கவனியுங்கள்

• இரு கைகளாலும் பிடித்து, முழங்கைகளை உடலோடு ஒட்டி வையுங்கள்.
• முக்கியமானவரைச் சுற்றித் தாராளமாக இடம் விடுங்கள்.
• முடிந்தால் 3840 × 2160 பிக்சல் அளவில் எடுத்து, 1920 × 1080 அளவில் வெளியிடுங்கள். ஓரம் வெட்டினாலும் தெளிவு குறையாது.
• பிரீமியர் புரோவில் சீராக்கும் அளவு தொடக்கத்தில் 50 விழுக்காடாக இருக்கும். ஓரம் அதிகம் வெட்டப்பட்டால் அதைக் குறைத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று: சீராக்கிய காணொளி அழகாக வந்துவிட்டது என்று மூலப் பதிவை அழித்துவிடாதீர்கள். பாட்டி அதில்தான் இருக்கிறார்!